காருக்கு அடியில் நான்கு வருடம்

பழைய காரின் அடிப்பக்கத்தில் துரு இருக்கிறது, வண்டியின் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். வேலை முடிந்து நான்கு வருடம் ஆகிறது. மறுசோதனையில் தேறி, அதற்குப் பிறகும் இரண்டு முறை வண்டியைக் காட்டியாகிவிட்டது. எது நின்றது, எது கைவிட்டது என்று இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அப்போது வண்டிக்கு வயது 18. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. சோதனை செய்தவர் கையில் சின்னச் சுத்தியலோடு குழிக்குள் இறங்கினார். நல்ல தகட்டில் தட்டினால் 'டங்' என்றது, கெட்ட தகட்டில் 'தொப்'. "காது கொடுத்துக் கேளுங்க சார், வண்டியே சொல்லும்" என்றார். மூன்று இடத்தில் சொன்னது. இடது பக்கக் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுமே ஒரு பெட்டித் தகடு, சில் என்பார்கள், அதில் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஓட்டை. பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சேசிஸ் தகடு மெலிந்திருந்தது. பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்துப் பொருக்கு விட்டிருந்தது. மூன்றுமே உயிரோடு சம்பந்தப்பட்ட இடங்கள், முதல் இரண்டும் பாரம் தாங்குபவை. அந்த இரண்டிலும் புட்டி, ஃபைபர், பசை எதுவும் செல்லாது. கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டை நாலு பக்கமும் இடைவெளி விடாமல் வெல்டு வைத்தால்தான் தேறும்.

முதலில் போன பட்டறையில், "மேல ஒரு கோட் தார் அடிச்சுடலாம், தெரியாதுங்க" என்றார்கள். எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் யாரோ அதைத்தான் செய்திருக்கிறார். புண்ணுக்குப் புனுகு பூசிய கதை. கறுப்புத் தார்ப்பூச்சு பார்க்க முழுசாக, பளபளப்பாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை ஒரு ஓரத்தில் விட்டு நெம்பினேன். உள்ளங்கை அளவுக்குத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன் முதுகில் துரு அடுக்கு அடுக்காக, நனைந்து காய்ந்த பழைய புத்தகத்தின் பக்கங்களைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவே ஈரம். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

தார் வருடங்கள் போகப்போக இறுகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் நுழையும், வெளியே வர வழி இருக்காது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது, ஆகவே துருவே பூச்சை உள்ளிருந்து தூக்கிவிட்டு இன்னும் இடம் பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனக்குத் துருவின் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கறுப்புப் பூச்சின் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

சில்லைத் திறந்தபோது இன்னொரு கூத்து. உள்ளே முழுக்க மஞ்சள் நுரை! சுவர் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்துவார்களே, ஊதினால் உப்பிக்கொள்ளும் அதே நுரை. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. சில்லின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே கம்பெனி விட்டிருக்கும் துளைகளை அது அடைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது விரல் அகல ஓட்டை. பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனதில் கடைசியில் முழங்கை நீளம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிவதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், மனசு உடையாது.

டிங்கரிங் தெரிந்த ஓர் அண்ணன் வெல்டிங்குக்கு உதவினார். சாதாரண ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டுக்கு ஆகாது, ஓட்டையை அடைப்பதற்குப் பதில் பெரிதாக்கிவிடும். வாயு பாய, கம்பி தானாக வந்து உருகும் சிஓடூ வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி, கரண்டைக் குறைத்து வைத்துச் செய்தோம். சில்லுக்கு 1 மி.மீ. தகடு, சேசிஸுக்கு 2 மி.மீ. பழைய தகட்டின் கனத்துக்கு ஏற்றபடிதான் புதுசு இருக்க வேண்டும். கனத்ததை மெலிந்ததோடு சேர்க்கப் போனால் மெலிந்தது முதலில் உருகி ஒழுகிவிடும். நான் ஒரே இழுப்பாக இழுக்கப் பார்த்தேன். "அவசரப்படாத தம்பி. இங்க ஒண்ணு வை, அந்தக் கோடியில ஒண்ணு வை. தொட்டா கை சுடாதப்பதான் அடுத்தது" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பேட்சுக்கு ஒரு மதியம் போனது, ஆனால் தகடு நெளியவில்லை. சில்லை வெட்டினால் வண்டியின் உடம்பு தொய்யக்கூடும் என்பதால் ஒரு பகுதியை முடித்த பிறகுதான் அடுத்த பகுதியை வெட்டினோம். ஒவ்வொரு கட்டத்திலும் கதவைத் திறந்து மூடிப் பார்த்தோம்.

தொடங்குவதற்கு முன்பே பேட்டரி வயரைக் கழற்றி, சீட்டையும் கம்பளத்தையும் வெளியே எடுத்து, வெல்டு வைக்கும் இடத்தை ஒட்டிப்போன பெட்ரோல் பைப்பையும் அகற்றியிருந்தோம். வண்டி இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவரிடம் எனக்குப் பேச்சு இல்லை. நான் செய்த முட்டாள்தனம் வேறு. துத்தநாகம் பூசிய தகட்டின் ஓரத்தை அரைத்து எடுக்காமல் அப்படியே வெல்டு வைத்தேன். வெள்ளைப் புகை. அன்று இரவு குளிர் நடுக்கமும் காய்ச்சலும், வாயெல்லாம் உலோகச் சுவை. ஒரு நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அதை மறக்க முடியாது. ஓரத்தை அரையுங்கள், முகமூடி போடுங்கள்.

பிரேக் பைப் சீக்கிரம் முடிந்த வேலை. பிளாஸ்டிக் கிளிப்புக்கு அடியில்தான் துரு ஒளிந்திருந்தது. இரும்புக்குப் பதில் செம்பும் நிக்கலும் கலந்த பைப் போட்டேன், அது துருப்பிடிக்காது. புது பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பில் நின்ற காற்றை எடுத்து முடித்தேன்.

மறுசோதனைக்கு வெறும் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சோடுதான் கொண்டுபோனேன், வெல்டு கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. புதிதாகத் தார் மணக்கும் வண்டியைப் பார்த்தால் சோதிப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே. அவர் விரலால் வெல்டை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார், தட்டினார், கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்த நான்கு வருடப் பரீட்சை. தரைத் தகட்டில் மேலோட்டமாகத் துரு இருந்த இடத்தில் துருவைக் கறுப்பாக மாற்றும் டானிக் அமில மருந்தைத் தடவி, மேலே எபாக்ஸி அடித்தேன். இன்றும் அப்படியே இருக்கிறது. அதே மருந்தை, பொருக்கைச் சரியாகச் சுரண்டாமல் ஒரு மடிப்பில் தடவினேன், சோம்பல்தான் காரணம். 14 மாதத்தில் பல்லை இளித்துவிட்டது. மருந்து மேல் தோலைத்தான் மாற்றும், அடியில் இருக்கும் அடுக்கை எட்டாது.

பேட்ச் ஓரங்களில் எபாக்ஸி காய்ந்த பிறகு, இடுக்கை அடைக்கும் சீலர் போட்டேன். ஒரு கீறல்கூட இல்லை. சக்கர வளைவுக்குள் அடித்த கம்பளிக்கொழுப்பு, லானோலின் என்று விற்பார்களே, அதன்மேல் எனக்குப் பாதி நம்பிக்கைதான். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரில் ஒரு மழைக்காலத்துக்குள் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. வருடா வருடம் அடிக்க வேண்டும். நாற்றம் வேறு, இரண்டு வாரத்துக்கு வண்டிக்குள் செம்மறி ஆடு உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஆனால் ஒன்று, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கும்படி விடுகிறது.

முதல் மதிப்பெண் சில்லுக்குள்ளும் சேசிஸுக்குள்ளும் பீய்ச்சிய மெழுகுக்கு. நீளக் குழாயின் முனையில் எல்லாப் பக்கமும் தெளிக்கும் தலை இருக்கும். அதைத் துளை வழியாக உள்ளே விட்டு, அழுத்தியபடியே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். வெயில் நாளில் செய்தால் இளகி மூலை முடுக்கெல்லாம் ஓடும். ஒரு வாரத்துக்குத் தரையில் சொட்டும், அதற்கு அட்டை விரித்து வையுங்கள். மறுநாள் ஒரு கம்பியால் வடிகால் துளைகளைக் குத்தி விட மறக்காதீர்கள். எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகுதான் மெழுகு. பிறகு அங்கே நெருப்பு பட்டால் பற்றிக்கொள்ளும். போன மாதம் துளைக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தேன். வெல்டின் பின்பக்கம் தேன் நிறத்தில் ஈரமாக மின்னியது, துரு இல்லை.

இந்த முறை சோதனையில் வேறொருவர் தட்டினார். நான் போட்ட பேட்சுகள் எல்லாம் 'டங்' என்றன. வலது முன் பக்கம், போன தடவை நன்றாக இருக்கிறதே என்று நான் தொடாமல் விட்ட மூலையில் வந்ததும் சுத்தியல் கொஞ்சம் யோசித்தது. 'தொப்' என்று சொல்ல முடியாது, 'டங்' என்றும் சொல்ல முடியாது. குறிப்பு எழுதித் தேறவிட்டுவிட்டார். கிரைண்டருக்குப் புதுப் பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன்.