பம்ப்பா, கேப்ஸ்யூலா, நெபுலைசரா? சளி பிடித்தால் எது கைகொடுக்கும்?

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிர் இறங்கிவிட்டால் மருந்துக்கடையில் தினமும் கேட்கிற பேச்சு இது: "சளி புடிச்சதிலிருந்து மூச்சு வாங்குது." விறகடுப்புப் புகை, பீடி, கல்குவாரித் தூசி என்று பல வருஷம் இழுத்து நுரையீரல் கெட்டவர்களுக்கு, அதாவது சி.ஓ.பி.டி.காரர்களுக்கு, சாதாரண ஜலதோஷ வைரஸே போதும், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். இன்ஃப்ளூயன்ஸா என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மருந்தை மூச்சோடு இழுக்க வைக்கிற கருவி எதுவாக இருந்தாலும், மூச்சு முட்டுகிற நாளில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் மார்க் போடுவேன்.

முதலில் கேப்ஸ்யூல் மெஷின், ரோட்டாஹேலர் மாதிரியானது. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் கையில் இருப்பது இதுதான். விலை குறைவு. அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற தொல்லை கிடையாது. ஆனால் கேப்ஸ்யூலில் இருக்கிற மருந்துப் பொடியை உள்ளே கொண்டுபோவது நோயாளியின் இழுப்புதான். வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். சளி கட்டி நெஞ்சு இறுகிய நாளில் அந்த வேகம் எங்கிருந்து வரும்? "இழுத்துட்டேன் சாமி" என்று தாத்தா சொல்வார். மெஷினைத் திறந்து பார்த்தால் கேப்ஸ்யூலில் பாதிப் பொடி அப்படியே இருக்கும். மெஷினுக்குள்ளேயே மூச்சை விட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். இன்னும் சிலர் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுகிறார்கள். யாரும் செய்து காட்டவில்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அடுத்தது பம்ப், அதாவது அமுக்கினால் மருந்து பீய்ச்சும் இன்ஹேலர். வெறும் பம்ப்பில் வேகம் தேவையில்லை, கணக்கு தேவை. குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கி, 10 விநாடி அடக்க வேண்டும். இருமிக்கொண்டே இதைச் செய்பவர் அபூர்வம். கணக்குத் தவறினால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிவிடும். குளிரில் குப்பி சில்லிட்டிருந்தால் அதைக் கழற்றி உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிவிட்டு அடிப்பது நல்லது.

அதே பம்ப்பில் ஸ்பேசர், அதாவது பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கிற பிளாஸ்டிக் குழாய், மாட்டினால் கதையே வேறு. என் ஓட்டு இதற்குத்தான். மருந்து அந்தக் குழாயில் கொஞ்ச நேரம் நிற்கும். நோயாளி சாதாரணமாக ஐந்தாறு மூச்சு இழுத்தாலே போதும். ஒரு தடவைக்கு ஒரு பஃப், அதாவது ஒரு அமுக்குதான். இரண்டைச் சேர்த்து அடித்தால் மருந்து வீண். கழுவுவதில்தான் பலர் தவறுகிறார்கள். சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத் துணியால் துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். சில நூறு ரூபாய்தான். அஞ்செட்டி மாதிரி உள்ளூர்களில் அவசரத்துக்குக் கிடைக்காவிட்டால், சுத்தமான அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டும் சமாளிக்கலாம்.

மருந்துத் திரவத்தைப் பனிமூட்டம் மாதிரி ஆக்கித் தருகிற மெஷின்தான் நெபுலைசர். அதற்கு ஊரில் இருக்கிற மரியாதை அதன் வேலையைவிடப் பெரிது. பெரும்பாலானவர்களுக்கு ஸ்பேசர் வைத்த பம்ப் அதே நிவாரணத்தைத் தரும். கரண்ட் போனால் நெபுலைசர் சும்மா. மருந்து ஊற்றும் கப்பைக் கழுவாமல் வைத்தால் கிருமிக் கூடாரம். வைரஸ் தொற்று உள்ளவர் போட்டால் துளிகள் அறை முழுக்கப் பரவலாம் என்றுதான் 2020-இல் கொரோனா வந்தபோது பல இடங்களில் நெபுலைசரைக் குறைத்து ஸ்பேசருக்கு மாறினார்கள். ஸ்பேசரைக்கூடப் பிடிக்க முடியாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கு மட்டும் இது உதவும்.

கருவியை நீங்களாக மாற்றாதீர்கள். சளி பிடிக்கும் முன்பே டாக்டரிடம் அவர் கண்ணெதிரே இழுத்துக் காட்டி, போதுமான வேகம் இருக்கிறதா என்று கேளுங்கள். தினசரி மருந்து எது, அவசரத்துக்கு எது என்று குப்பியிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். சளி பிடித்தாலும் தினசரி மருந்தை நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு இழுத்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒன்று. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அளவும் கூடினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஸ்பேசரில் அவசர மருந்தை டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள்.