மெலட்டோனினோடு நான்கு ஆண்டுகள்: எனக்கு உதவியது அரை மாத்திரை

சோழிங்கநல்லூரில் ஒன்பது வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். அமெரிக்க நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கும் வேலை. அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் கேபில் வந்து இறங்குவேன். 2021 கடைசியில் பகல் வேலை கிடைத்தது. வேலை மாறியது, உடம்பு மாறவில்லை. பதினோரு மணிக்குப் படுத்தாலும் இரண்டரை, மூன்று வரை புரண்டுகொண்டிருப்பேன். ஆறரைக்கு அலாரம் அடித்துவிடும்.

தூக்கத்துக்கு உதவும் என்று கூட வேலை செய்யும் ஒரு அக்கா சொல்லித்தான் மெலட்டோனின் மாத்திரை வாங்கினேன். மெடிக்கல் ஷாப்பில் 3 மில்லிகிராம் அட்டை, சீட்டு எதுவும் கேட்கவில்லை. படுக்கப் போகும்போது ஒன்று போடுவேன். முதல் நாலைந்து நாள் நன்றாகத் தூங்கிய மாதிரி இருந்தது, அப்புறம் பழைய கதை. அளவு போதவில்லை என்று நினைத்து 5 மில்லிகிராமுக்குப் போனேன். பிறகு அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகள் கொண்டுவந்த 10 மில்லிகிராம் டப்பா.

அந்த டப்பா இருந்த இரண்டு மாதம்தான் மிக மோசம். விடிய விடியக் கனவு, எழுந்த பிறகும் கண்முன் நிற்கும் அளவுக்குத் தெளிவாக. காலை பத்து மணிவரை தலை கனக்கும். ஒருநாள் மேடவாக்கம் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் ஸ்கூட்டியோடு அப்படியே நின்றிருந்தேன். பின்னாலிருந்த பஸ் ஹார்ன் அடித்த பிறகுதான் சுதாரித்தேன். கை நடுங்கிவிட்டது. அந்த வாரமே டாக்டரிடம் போனேன்.

அவர் உடனே மருந்து எழுதவில்லை. எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னார். நோட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: “ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்குத் தூங்கி பதினோரு மணிவரை நல்லாத்தானேம்மா தூங்குறீங்க?” உண்மைதான். எனக்குத் தூக்கம் இருந்தது, தப்பான நேரத்தில் இருந்தது.

இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி தானாகவே மெலட்டோனினைச் சுரக்கிறது. நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே அது ஏறத் தொடங்கும். “ராத்திரி ஆகிவிட்டது” என்று உடம்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. தூக்க மாத்திரை போல ஆளை அடித்துப் போடாது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதை மாட்டின் சுரப்பியிலிருந்து முதலில் பிரித்தெடுத்த ஆரன் லெர்னரே ஒரு தோல் மருத்துவர்தான். தவளைத் தோலை வெளுக்க வைக்கும் பொருள் என்றுதான் அவர் இதைத் தேடினார்.

டாக்டர் சொன்ன முறை இது. 3 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, இரவு ஒன்பது மணிக்கு. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்த நேரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்னால். தூக்கம் முன்னால் நகர நகர மாத்திரையையும் முன்னால் நகர்த்த வேண்டும். ஒன்பதுக்கு மேல் டியூப் லைட் வேண்டாம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடி வெளிச்சத்தில் நிற்க வேண்டும். ஞாயிறும் அதே அலாரம். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஒன்றரைக்குத் தூங்கினேன். இரண்டு மாதம் முடியும்போது பதினொன்றே முக்கால். 10 மில்லிகிராம் செய்யாததை ஒன்றரை மில்லிகிராம் செய்தது என்றால், நேரமும் காலை வெளிச்சமும் சேர்ந்ததால்தான் என்று நம்புகிறேன்.

பொதுவான தூக்கமின்மைக்கு இதை வாங்குகிறவர்கள் ஏமாந்து போவது ஏன் என்றும் இப்போது புரிகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், தூக்கம் வர எடுக்கும் நேரம் சராசரியாக 7 நிமிடம்தான் குறைந்திருந்தது. நடுராத்திரி விழிப்புக்கு எனக்கும் இது உதவவில்லை. உடனே கரையும் சாதாரண மாத்திரை போட்டால், ரத்தத்தில் சேர்ந்த மருந்தில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் உடம்பிலிருந்து போய்விடும். மெதுவாகக் கரையும் வகை தனியாக இருக்கிறது, அதை உடைத்துப் போடக் கூடாது.

டப்பாவில் போட்டிருக்கும் அளவையும் அப்படியே நம்பாதீர்கள். கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். சிலவற்றில் சொன்ன அளவைவிட 83 சதவீதம் குறைவு, சிலவற்றில் 478 சதவீதம் அதிகம். எட்டில் செரோட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருள் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் பார்த்த 25 மெலட்டோனின் ஜெல்லி மிட்டாய்களில் (gummies) 22இன் லேபிள் சரியில்லை, ஒன்றில் மெலட்டோனினே இல்லை. குழந்தைகளுக்கு அந்த மிட்டாயைத் தாங்களாகவே வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பிரிட்டனில் இதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். இங்கேயும் அப்படி இருந்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

போன வருடம் அம்மா, “எனக்கும் ஒண்ணு குடேன், மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது” என்றாள். கையில் அட்டை இருந்தும் கொடுக்கவில்லை. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க அவள் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். அவளுடைய டாக்டரும் வேண்டாம் என்றார். மதியத் தூக்கத்தை அரை மணி நேரமாகக் குறைத்து, சாயங்காலம் கோயில்வரை நடந்துவிட்டு வருகிறாள். இப்போது நாலரைவரை தூங்குகிறாள்.

நான் தினமும் போடுவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆண்டு முடிவுக் கணக்கு வேலையில் ராத்திரி நீண்டு நேரம் தள்ளிப் போனால் மட்டும், நாலைந்து நாள் அரை மாத்திரை. பத்து மாத்திரை அட்டை ஒன்று வெகுநாள் வருகிறது.