ஜிப்சிக்கு ஸ்டீயரிங் ஸ்டெபிலைசரா, கிங்பின் வேலையா?

பழைய மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்கள் பலரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். நெடுஞ்சாலையில் அறுபது, எழுபதில் போகும்போது பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் தட்டும். அவ்வளவுதான், ஸ்டீயரிங் படபடவென்று ஆட ஆரம்பித்துவிடும். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும்.

பட்டறையில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். “ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டுடுங்க சார், சின்ன வேலைதான்” என்பார் ஒருவர், அதாவது ஆட்டத்தை அடக்கும் டேம்பர். “முன் ஆக்சிலைப் பிரிக்கணும், வண்டியை விட்டுட்டுப் போங்க” என்பார் இன்னொருவர், அதாவது முன்சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள கிங்பின் பேரிங்குகளை மாற்றும் வேலை. என் ஜிப்சிக்கு நான் இரண்டாவது ஆள் சொன்னதைத்தான் கேட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில், யாருக்கு இந்தக் கவலையே வேண்டாம் என்று பார்த்துவிடலாம். 2020-இல் வந்த மஹிந்திரா தார், 2021-இல் வந்த ஃபோர்ஸ் குர்க்கா இரண்டிலும் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். ஒரு சக்கரம் வாங்கும் அடி மற்றதற்கு அப்படியே கடக்காது. ஜிப்சி, மஹிந்திரா எம்எம்540, ஜீப் ராங்ளர் போல முன்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திட ஆக்சில் உள்ள வண்டிகளுக்குத்தான் இந்தப் பேச்சு. ஜிம்னியும் அதே ரகம். ஆனால் 2018-இல் வந்த தலைமுறையிலிருந்து சுசுகியே அதில் ஒரு டேம்பரைப் பொருத்தித்தான் அனுப்புகிறது.

ஸ்டெபிலைசர் என்பது படுக்கப் போட்ட ஷாக் அப்சார்பர்தான். ஒரு முனை டை ராடிலும் (இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) மறுமுனை ஆக்சிலிலோ சேசிஸிலோ இருக்கும். மெதுவாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும், வெடுக்கென்று இழுத்தால் தடுக்கும். சக்கரத்தை நேராக நிறுத்தும் வேலை அதற்குக் கிடையாது. அது காஸ்டர் கோணத்தின் வேலை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு காஸ்டர் குறைந்துபோன வண்டிக்கு எத்தனை ஸ்டெபிலைசர் மாட்டினாலும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வராது.

பாறைத்தடத்தில் அதன் உதவி உண்மையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜிப்சியில் பவர் ஸ்டீயரிங் இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவது போன்ற தடத்தில் முன்சக்கரம் கல்லில் இடறினால், அந்த அடி நேராகக் கைக்கு வரும். கட்டைவிரலை ஸ்டீயரிங் கம்பிக்குள் கொடுத்துப் பிடித்தால் விரல் போய்விடும் என்று பழைய ஜீப் டிரைவர்கள் சும்மா சொல்லவில்லை. டேம்பர் இருந்தால் அந்த அடி பாதியிலேயே மழுங்கும். பெரிய டயரும், சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் ரிம்மும் போட்டவர்களுக்கு இது இன்னும் தேவைப்படும்.

பிறகு ஏன் நான் முதலில் அதை வாங்கவில்லை? பராமரிப்புதான் காரணம். ஜிப்சியின் முன்சக்கரம் திரும்புவது மேலும் கீழும் உள்ள இரண்டு சிறிய கிங்பின் பேரிங்குகளின் மேல். அவற்றின் இறுக்கத்தை ஷிம் எனும் மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்வார்கள். ஓடை கடக்கும்போது நக்கிளின் (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்துத் தேயும். இறுக்கம் போனதும் சக்கரம் தன்னிச்சையாக ஆடத் தொடங்கும். இந்த நிலையில் ஸ்டெபிலைசர் போட்டால் ஆட்டம் நிற்கும், தேய்மானம் நிற்காது. உள்ளே தளர்வு கூடிக்கொண்டே போகும், அத்தனை அடியையும் டேம்பர் வாங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் அதன் எண்ணெய் சீல் விட்டுவிடும். அப்போது முன்பைவிட மோசமான ஆட்டம் முன்னறிவிப்பில்லாமல் வரும், அதுவும் நல்ல வேகத்தில் போகும்போது. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பது போலத்தான்.

பேரிங் வேலையில் செலவு பொருளைவிடக் கூலிக்குத்தான். ஹப், நக்கிள் எல்லாம் கழற்ற வேண்டும். கழற்றியதும் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இறுக்கத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து ‘சரி’ என்று சொல்லாமல், ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கும் மெக்கானிக்காகத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைவு, அதுதான் இந்த வழியின் பெரிய தொல்லை.

எது கெட்டிருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின். அப்புறம் வண்டியை இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் கீழே டை ராட் எண்டுகளில் கை வைத்துப் பார்க்கலாம். வீல் பேலன்சிங், டயர் காற்று எல்லாம் இதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியவை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. 2018-இல் வந்த ஜேஎல் ராங்ளர் புதிதாக இருக்கும்போதே ஸ்டீயரிங் ஆடுகிறது என்று அமெரிக்காவில் புகார்கள் எழுந்தன. 2019-இல் நிறுவனம் கொடுத்த தீர்வே புதிய டேம்பர்தான். சரி, ஆனால் டேம்பரையும் சேர்த்து வடிவமைத்த புது வண்டி அது. பல ஓடைகளைப் பார்த்த ஜிப்சிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பழைய ஜிப்சி வாங்கப் போகிறீர்கள், அடியில் புத்தம் புது ஸ்டெபிலைசர் பளபளக்கிறது என்றால், அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் விலையை அதற்கேற்பப் பேசலாம்.

பேரிங், டை ராட், காஸ்டர் எல்லாம் சரியான பிறகும் கல்தடத்தில் கை வலிக்கிறது என்றால் தாராளமாக ஒன்று போடுங்கள். நான் சாதாரண டயரோடு ஓட்டுபவன். இரட்டை ஸ்டெபிலைசர் போட்ட வண்டியை ஓட்டியதில்லை, அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். ஒற்றை போதுமென்றால் கேஸ் நிரப்பியதைவிட வெறும் எண்ணெய் வகையையே எடுப்பேன். கேஸ் அழுத்தம் ராடை எப்போதும் வெளியே தள்ளுவதால் ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். மாட்டியபின் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். நக்கிளில் திருப்பத்தின் எல்லையை நிறுத்தும் ஸ்டாப் போல்ட் முட்டுவதற்கு முன்பே டேம்பர் நீளம் தீர்ந்துவிட்டால் பிராக்கெட்டை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும்.