ஆர்க்டிக்டெம்மோடு ஆறு வருடம்: மலைக்கு மொசைக், ஓடைக்கு ஸ்ட்ரிப்

ஆர்க்டிக்கில் உள்ள நார்வே தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ஓடைகளை வரைபடத்தில் ஏற்றுவதுதான் ஆறு வருடமாக என் வேலை. அதற்கு நான் தினமும் திறப்பது ஆர்க்டிக்டெம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் போலார் ஜியோஸ்பேஷியல் சென்டர் இலவசமாகத் தரும் உயரத் தரவு. வேர்ல்ட்வியூ செயற்கைக்கோள்கள் ஒரே நிலத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து, 2 மீட்டருக்கு ஓர் உயரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மலைகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. பாறை சரிந்து விசிறியாய் விரிந்து கிடப்பதும், பின்வாங்கிய பனிப்பாறை விட்டுப்போன மண்மேடும் ஹில்ஷேடில் (வெளிச்சமும் நிழலும் போட்டு மேடுபள்ளத்தைக் காட்டும் படத்தில்) பளிச்சென்று தெரியும்.

ஆரம்பத்தில் ஒரு தடுமாற்றம். கடற்கரையில் கர்சரை வைத்தால் உயரம் 30 மீட்டருக்கு மேல் காட்டியது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இந்த உயரங்கள் கடல் மட்டத்திலிருந்து அளந்தவை அல்ல, பூமியின் வடிவத்துக்குத் தோராயமாகப் பொருந்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித நீள்கோளத்திலிருந்து அளந்தவை. நான்தான் விவரக்குறிப்பைப் படிக்கவில்லை. அந்த நீள்கோளத்துக்கும், சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு என்ற பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்ததும் கரை பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது.

ஓடைகளில்தான் நிதானம் வேண்டும். மொசைக் என்பது பல தேதிகளின் படங்களைக் கலந்த ஒன்று. ஒரு பக்கச் சரிவில் எனக்கு ஓடையே கிடைக்கவில்லை, வழவழவென்று இருந்தது. அப்புறம் கலக்காத, ஒவ்வொன்றும் ஒரு தேதியின் படங்களிலிருந்து வந்த ஸ்ட்ரிப்புகளைத் தனித்தனியாக இறக்கிப் பார்த்தேன். ஏப்ரல் ஸ்ட்ரிப்பில் அதே வழவழப்பு. ஆகஸ்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால்! குளிர்காலப் பனி அதை வாயளவு நிரப்பியிருக்கிறது. அன்றிலிருந்து ஓடை வரைய ஆகஸ்ட் படங்களைத்தான் எடுக்கிறேன். மலையின் வடிவம் மட்டும் போதும் என்றால் 10 மீட்டர் மொசைக்கே தாராளம், கணினியும் திணறாது.

அட்வென்ட் ஆறு போலப் பல கிளையாகப் பிரிந்து சரளைமேல் ஓடும் ஆற்றுக்கு இந்தத் தரவை மட்டும் நம்ப வேண்டாம். நீர்ப்பரப்பில் இரு கோணப் படங்களையும் பொருத்திப் பார்க்க அடையாளம் இருக்காது, உயரம் தாறுமாறாகக் குதிக்கும். கிளைகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

போன கோடையில் அந்த ஆகஸ்ட் வாய்க்காலை நேரில் பார்த்தேன். பனிக்கரடிக்காகத் துப்பாக்கியோடு வழிகாட்டி முன்னால் நடக்க, கையில் ஜிபிஎஸ். நான் வரைந்த கோடும் தண்ணீரும் சேர்ந்தே போயின. அடிவாரத்துச் சரளை விசிறியில் மட்டும் தண்ணீர் கல்லுக்கு அடியில் இறங்கி மறைந்துவிட்டது. குனிந்தால் சத்தம் கேட்டது. திரும்பி வந்ததும் அந்த இடத்தில் கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றினேன்.