சர்வருக்கு வருஷ வாடகை முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்: என்னுடைய 2,36,000 ரூபாய் போன கதை

2,36,000 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்து. இரண்டு லட்சம் சர்வர் வாடகை, 36,000 வரி. அந்த வரியும் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது இந்த வாரம்தான் உறுதியானது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயர் போடமாட்டேன். வக்கீல் வேண்டாம் என்கிறார். மும்பை டேட்டா சென்டரில் சொந்தமாக ரேக் (சர்வர்களை அடுக்கி வைக்கிற அலமாரி) இருப்பதாகச் சொல்லி, நம்மைப் போன்ற சின்ன ஹோஸ்டிங்காரர்களுக்கு முழு சர்வரை மாத வாடகைக்கு விடுகிற இடம். வெப் டிசைன் குழுக்களில் இருக்கிற நிறையப் பேருக்கு இந்த மாதிரி விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்.

நாங்கள் கோயம்புத்தூரில் இருவராக நடத்தும் தொழில். ஜவுளிக் கடை, பம்ப் செட் தயாரிப்பாளர், கிளினிக், இரண்டு பள்ளிக்கூடம் என்று எல்லாம் உள்ளூர் வாடிக்கையாளர்கள். சைட்டை ஓடவைப்பது, வேர்ட்பிரஸ் அப்டேட், மெயில், பேக்கப், எஸ்எஸ்எல் எல்லாம் எங்கள் பொறுப்பு. சைட் ஓடவில்லை என்றால் அவர்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள், அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக எட்டாயிரம் தருகிறார். அப்படியானால் 2,36,000 என்பது கிட்டத்தட்ட முப்பது பேருடைய ஒரு வருஷக் கட்டணம்.

இந்தத் தொழிலில் லாபம் எவ்வளவு மெல்லியது என்று வெளியே தெரியாது. 2019-ல் சிபேனல்காரர்கள் (சர்வரில் சைட், மெயில் எல்லாவற்றையும் நிர்வகிக்கிற மென்பொருளை விற்கிறவர்கள்) சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தை மாற்றி, உள்ளே எத்தனை கணக்கு இருக்கிறதோ அதைப் பொறுத்து வாங்க ஆரம்பித்தார்கள். நூறு கணக்கு வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனி. அதன்பிறகும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. எங்களுக்கு சர்வரை வாடகைக்கு விட்ட இந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "லைசென்ஸ் நம்ம கணக்குலயே வந்துடும்ணா, அதைப் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம்." நமக்கு எது வலிக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறவர்.

நம்பிக்கை எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதலில் மாதாமாதம்தான் கட்டினோம். பழைய இடத்திலிருந்து எல்லா சைட்டையும் இரவோடு இரவாக மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து மெயில் கியூவில் சிக்கி நின்றபோது, இரவு ஒரு மணிக்குப் போனை எடுத்து, கூடவே உட்கார்ந்து சரி செய்தார். பெரிய கம்பெனிகளில் டிக்கெட் போட்டுவிட்டு, ஸ்கிரிப்டைப் பார்த்துப் படிக்கிற யாரிடமோ மாட்டிக்கொண்டு தவித்த எங்களுக்கு, தமிழில் பேசுகிற, விஷயம் தெரிந்த ஒரு ஆள் கிடைத்தது எவ்வளவு பெரிய ஆறுதல்! "அண்ணா, நம்ம சர்வர்னு நினைச்சுக்கோங்க" என்பார். அப்படித்தான் நினைத்தோம்.

மார்ச் கடைசியில் போன் வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து டேட்டா சென்டர் மின்சாரக் கட்டணத்தை ஏற்றுகிறது, வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பழைய விலையே, கூடவே புது ஹார்டுவேர் என்றார். நான் சும்மா தலையாட்டவில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்களே, நம் பேக்கப் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "வேற ஊர், வேற கட்டிடம், வேற கம்பெனிங்ணா" என்று பதில். ஜிஎஸ்டி எண்ணைப் போர்ட்டலில் போட்டுப் பார்த்தேன், அன்றைக்கு உயிரோடு இருந்தது. பில் வந்தது. 2,36,000 ரூபாயை நெஃப்ட் செய்தேன். கார்டு வாங்க மாட்டேன் என்றதற்கு, இரண்டு சதவீதம் போய்விடும் என்று காரணம் சொன்னார்.

அடுத்த வாரமே புது ஹார்டுவேருக்கு மாற்றம். அங்கிருந்து ஆரம்பித்தது.

மாலை ஆனால் சைட்டுகள் நொண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்டீல் டைம் ஏறிக்கொண்டிருக்கிறது. தெரியாதவர்களுக்கு: ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்து விற்றிருந்தால், நம் புராசசருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தைப் பக்கத்துச் சர்வர்கள் தின்பதைக் காட்டும் எண் அது. முழு சர்வருக்குக் காசு கொடுத்தவனுக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். கேட்டேன். "மானிட்டரிங் டூல் தப்பா காட்டுதுங்ணா." இயங்குதளத்தின் மையமான கர்னலே தப்பாகக் காட்டுகிறதாம்!

அப்புறம் மெயில். புது ஐபி (சர்வரின் இணைய முகவரி எண்), குப்பை மெயில் அனுப்புகிற முகவரிகளைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹவுஸின் பட்டியலில் இருந்தது, அந்த வரிசையில் பக்கத்து முகவரிகளும் நிறைய. கிளினிக் அனுப்புகிற அப்பாயின்ட்மென்ட் மெயில் பாதி திரும்பி வந்தது. ரிவர்ஸ் டிஎன்எஸ் (இந்த ஐபி எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் பதிவு) வைத்துக் கொடுங்கள் என்றால் நாளை, நாளை மறுநாள். ஐபிக்குச் சொந்தக்காரர்கள்தான் அதை மாற்ற முடியும், இவருக்கு அந்த உரிமையே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பில் எங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் நமக்குக் காட்டுகிற பட்டியல்) வரவில்லை. வராவிட்டால் நாங்கள் கட்டிய 36,000-த்தை வரவு எடுக்க, அதாவது எங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது, 2022 ஜனவரியிலிருந்து சட்டம் அப்படி. ஆடிட்டர் கேட்டார், நான் சர்வர்காரரிடம் கேட்டேன். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவன், ஜூலையில் வந்துவிடும் என்றார். நம்புகிற மாதிரியான பதில்தான், சின்ன வியாபாரிகளுக்கு அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருக்கிறது. ஜூலையில் பில் வரவில்லை. வேறு வந்தது.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடி சைட்டில் மறுநாள் காலை ஆரம்பமாக வேண்டும். எல்லா சைட்டும் ஒரே நேரத்தில் போயின. நெட்வொர்க் பராமரிப்பு என்று டிக்கெட்டில் பதில். இரவு, டிஸ்க் சோதனை ஓடுகிறது, நிறுத்தினால் டேட்டா போய்விடும் என்று பதில். சனிக்கிழமை, டேட்டா சென்டர் ஆள் கிளம்பிவிட்டார். ஞாயிறு, சார் ஆஸ்பத்திரியில். எந்த சார்? இத்தனை நாள் நான் பேசிய ஒரே சார் இவர்தான்! திங்கள் முதல் நீல டிக் மட்டும்.

ஐபி யாருடையது என்று ஹூயிஸில் பார்த்து, அந்த டேட்டா சென்டருக்கே எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். பாக்கி கட்டாததால் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் பேச முடியும், கெடு முடிந்தால் டிஸ்க் அழிக்கப்படும். அந்தப் பாக்கியை நானே கட்டுகிறேன், என் டேட்டாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். முடியாது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் யார் என்றே அவர்களுக்குத் தெரியாதே. வீட்டை வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டவன் ஓனருக்குக் காசு கட்டாமல் ஓடினால், பூட்டு விழுவது நம் சாமான் மேல்தான்.

வேறு ஊர், வேறு கம்பெனி என்று சொன்ன பேக்கப்? பேனலில் தினமும் பச்சை டிக் விழுந்துகொண்டிருந்ததே, அது போன இடமும் அதே கணக்கில் இருந்த இன்னொரு சர்வர். இரண்டும் ஒரே நொடியில் நின்றன.

டொமைன் (சைட்டின் பெயர்), டிஎன்எஸ் (அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) இரண்டும் எங்கள் கையில் இருந்தன. ஞாயிறுதோறும் எல்லா சைட்டையும் எங்கள் ஆபீஸ் டிஸ்குக்கு இழுத்து வைக்கிற பழக்கம் இருந்தது. அதனால்தான் இன்று எங்கள் தொழில் நடக்கிறது. ஆனால் ஞாயிறுக்கும் வெள்ளிக்கும் இடையில் வந்த ஆர்டர், மெயில், படிவம் எதுவும் இல்லை. ஜவுளிக் கடை முதலாளி சத்தம் போடவில்லை. "தம்பி, எனக்கு உங்களைத்தான் தெரியும், அந்த மும்பை சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார். அவருக்கு இந்த வருஷக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது இந்த 2,36,000-க்குள் சேராத கணக்கு.

கொஞ்ச நாள் கழித்து அந்த ஆளிடமிருந்து ஒரே ஒரு மெயில் வந்தது, ஆங்கிலத்தில். வருஷத் திட்டத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது, விதிமுறை ஒன்பதாம் பத்தியைப் பார்க்கவும். அதுவும் போக, நான்கு மாதம் பயன்படுத்திவிட்டீர்களாம். முழு சர்வர் என்று விற்றுவிட்டு, துண்டு போட்ட சர்வரைக் கொடுத்து, அதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கணக்கு! அண்ணா என்ற சொல்லையே காணோம்.

சைபர் புகார் கொடுக்கப் போனால், பில் இருக்கிறது, சில மாதம் சேவையும் நடந்திருக்கிறது, இது சிவில் தகராறு என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், வியாபாரத்துக்காக வாங்கிய சேவை, சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறேன் என்று நிரூபித்தால்தான் 2019-ம் வருஷச் சட்டத்தில் இடம் உண்டு என்கிறார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பில்லில் இருந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஜிஎஸ்டி பதிவு இப்போது ரத்து. இந்த வாரம் ஆடிட்டர் காட்டினார். ஆக 36,000-மும் அம்போ, மொத்தம் 2,36,000-மும் அம்போ.

இன்னொன்று, அந்த சிபேனல் லைசென்ஸ். ஐபியைக் கொடுத்தால் லைசென்ஸ் இருக்கிறதா என்று காட்டுகிற பக்கத்தை சிபேனல்காரர்களே வைத்திருக்கிறார்கள். புது ஐபிக்கு ஒன்றுமே இல்லை. சரிபார்ப்பை ஏமாற்றுகிற ஏதோ ஒரு ஸ்கிரிப்டை ரூட் அனுமதியோடு (சர்வரின் முழுக் கட்டுப்பாட்டோடு) ஓட்டியிருக்கிறார். எங்கள் வாடிக்கையாளர்களின் மெயிலும் டேட்டாபேஸும் இருந்த இயந்திரத்தில்! எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், நேரமில்லை. சட்டென்று இவ்வளவுதான்: வருஷப் பணம் மொத்தமாக வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மாதாமாதம்தான். ஐபியை ஹூயிஸில் போட்டு யாருடையது என்று பாருங்கள். விற்கிறவர் பெயர் இல்லாவிட்டால், அந்த டேட்டா சென்டரோடு அவருக்கு இருக்கிற ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேக்கப் உங்கள் பெயரில், உங்கள் கார்டில், வேறு இடத்தில் இருக்கட்டும். சர்வரை மாற்றினால் அன்றைக்கே ஸ்டீல் டைம், லைசென்ஸ் இரண்டையும் பாருங்கள். பில் ஒரு மாதம் 2பி-யில் வராவிட்டால் அடுத்த மாத வாடகையை நிறுத்துங்கள், காலாண்டுக் கதையைக் கேட்காதீர்கள்.

இதே மாதிரி மும்பை ரேக், இலவச லைசென்ஸ், மார்ச் சலுகை என்று யாரிடமாவது பணம் கட்டியவர்கள் இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் அது சிவில் தகராறாக இருக்காது என்று வக்கீல் சொல்கிறார். பில்லையும் நெஃப்ட் ரசீதையும் கையில் வைத்திருங்கள்.