ஸ்டான் ஹான்சனின் இரண்டு ஆட்டங்கள்: எதை முதலில் பார்ப்பது?

ஜப்பானின் தொழில்முறை மல்யுத்தம் (WWE மாதிரி) பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் அமெரிக்க வீரர் ஹான்சனின் இந்த இரண்டில்தான் தடுமாறுவார்கள். ஒன்று, 1990 பிப்ரவரி 10, டோக்கியோ டோம், முகமூடி அணிந்த அமெரிக்க வீரர் வேடருடன் மோதியது. இன்னொன்று, 1993 ஜூலை 29, புடோகன் அரங்கம், ஜப்பானிய வீரர் கென்டா கோபாஷியுடன் மோதியது.

அடியின் கனம்:
வேடர் ஆட்டம்: இரண்டு மலைகள் முட்டிக்கொள்கிற மாதிரி. நடுவில் ஹான்சனின் அடி பட்டு வேடரின் கண் குழியை விட்டுப் பிதுங்கிவிட்டது. மனிதர் முகமூடியைக் கழற்றினார், விரலால் கண்ணை உள்ளே தள்ளி இமையை மூடிக்கொண்டார், சண்டையைத் தொடர்ந்தார். முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள்.
கோபாஷி ஆட்டம்: அடி இங்கேயும் நிஜம்தான், ஆனால் ரத்தக்களறி இல்லை.

கதை:
வேடர்: பெரிதாக எதுவும் இல்லை. நியூ ஜப்பான், ஆல் ஜப்பான் இரண்டும் போட்டி மல்யுத்த நிறுவனங்கள்; நியூ ஜப்பான் சாம்பியன் வேடரா, ஆல் ஜப்பானிலிருந்து வந்த ஹான்சனா என்ற மானப் பிரச்சினை, அவ்வளவுதான்.
கோபாஷி: இதில்தான் சுவை. வளர்ந்து வரும் இளைஞன், முரட்டு மூத்தவர். ஹான்சனின் அந்த இடது கை லாரியட் (கையை நீட்டிக் கழுத்தில் அறையும் அடி) எப்போது விழும் என்று நம் கழுத்தே கூசும்.

முடிவு:
வேடர்: இருவரும் ரிங்குக்கு வெளியே இருக்கும்போதே நடுவர் எண்ணி முடித்துவிட, வெற்றி யாருக்கும் இல்லை. எனக்கு இது சப்பென்று இருந்தது.
கோபாஷி: லாரியட், கீழே அமுக்கிப் பிடித்து மூன்று எண்ணிக்கை, ஹான்சன் ஜெயித்தார்.

‘இதெல்லாம் நாடகம்தானே’ என்று கேட்கும் மச்சானுக்கு வேடர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் ரசித்துப் பார்க்க கோபாஷி ஆட்டம்.