ஏடபிள்யூஎஸ்-வால்ட்டா, எஸ்எஸ்ஓ லாகினா: ஆள் விலகும் நாளை வைத்து ஓர் ஒப்பீடு

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் 7 கணக்குகள், 9 பேர் கொண்ட குழு, அங்கே வாடகைக்கு ஓடும் ஏறத்தாழ 40 இசி2 சர்வர்கள். இவற்றில் யார் எதற்குள் எவ்வளவு நேரம் நுழையலாம் என்பதை டெர்மினலிலிருந்தே நிர்வகிக்க எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஏடபிள்யூஎஸ்-வால்ட் என்ற கருவியும், சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் வழக்கமான எஸ்எஸ்ஹெச் கீகளும். மூன்று ஆண்டுகள் அவற்றைத்தான் பயன்படுத்தினோம். மற்றொன்று, ஏடபிள்யூஎஸ் கமாண்ட் லைனின் இரண்டாம் பதிப்பிலேயே உள்ள எஸ்எஸ்ஓ லாகினும் (ஒரே நிறுவனக் கணக்கால் எல்லாவற்றிலும் நுழைவது), சர்வர்களுக்குள் நுழைய உதவும் செஷன் மேனேஜர் என்ற ஏடபிள்யூஎஸ் சேவையும். இப்போது அதற்கு மாறிவிட்டோம். மாறியது சரி என்றே கருதுகிறேன் என்பதால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

நிறுவுவதிலும் வேகத்திலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 99டிசைன்ஸ் நிறுவனத்தில் உருவான ஏடபிள்யூஎஸ்-வால்ட், கணக்கில் நுழைய உதவும் ரகசியச் சாவியான நிரந்தர ஆக்சஸ் கீயை ஹோம் ஃபோல்டரில் வெறும் எழுத்தாகக் கிடக்க விடாமல், மேக்கின் கீசெயினிலோ விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரிலோ பூட்டி வைத்து, எஸ்டிஎஸ் சேவையிடம் தற்காலிகக் கீகளைப் பெற்று, நாம் இயக்கும் கட்டளைக்கு அவற்றை மட்டும் கையளிக்கிறது. கீயை மாற்றுவதற்கும் தனிக் கட்டளை உண்டு. நேர்த்தியான கருவி, அதன்மேல் எனக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

எஸ்எஸ்ஓ முறையில் நிரந்தரக் கீ என்பதே கிடையாது. லாகின் கட்டளையை இட்டால் பிரவுசர் திறக்கும்; நிறுவனத்தின் வழக்கமான பயனர் பெயரையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் முடித்தால், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் கீகள் கிடைக்கும். அந்தக் காலம் இயல்பாக 1 மணி நேரம். 12 மணி நேரம் வரை நீட்டலாம். 2017இல் ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்ஓ என்று அறிமுகமாகி, 2022இல் ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டர் என்று பெயர் மாறிய இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்: இது பெறும் தற்காலிக டோக்கன்கள் ஹோம் ஃபோல்டரில் பூட்டப்படாத கோப்புகளாகவே இருக்கின்றன. ஏடபிள்யூஎஸ்-வால்ட்டை எஸ்எஸ்ஓ கணக்குகளுடனும் இணைத்து இயக்க முடியும் என்பதால், இந்த ஓர் இடத்தில் அதுவே மேலானது. நாங்கள் எல்லா மடிக்கணினிகளிலும் டிஸ்க் என்கிரிப்ஷனைக் கட்டாயமாக்கி இதை ஈடுசெய்தோம்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவுமில்லை. குழுவிலிருந்து ஒருவர் விலகும் நாளில் எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது என்ற கேள்விதான் தீர்மானித்தது.

பழைய முறையில் ஒருவர் விலகினால், ஏடபிள்யூஎஸ்ஸின் பயனர்-அனுமதிச் சேவையான ஐஏஎம்மில் அவருக்குள்ள பயனரை அழிப்பது எளிது. சர்வர்களில் உள்ள, நுழைய அனுமதி பெற்ற கீகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புகளிலிருந்து அவருடைய பொதுக் கீயை நீக்குவதுதான் கடினம். தானியங்கி ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். அன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சர்வர்களை அது தொடாது, பழைய இமேஜிலிருந்து (சர்வரின் சேமித்து வைத்த நகல்) பின்னர் எழுப்பப்படும் சர்வரில் நீக்கிய கீயே மீண்டும் வந்து நிற்கும். விலகி ஐந்து மாதங்கள் ஆன ஒருவரின் கீ இப்படி ஒரு சோதனைச் சர்வரில் உயிரோடு இருப்பதைத் தற்செயலாகத்தான் கண்டேன். அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் அதை உறுதிசெய்யவே எனக்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது. எல்லோரும் ஒரே இசி2-யூசர் பெயரில் நுழைந்துகொண்டிருந்ததால், சர்வரின் லாகில் பதிவான கீயின் கைரேகையை (கீயை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) ஒவ்வொன்றாக ஆட்களோடு பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

செஷன் மேனேஜரில் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் போர்ட்டைச் சர்வரில் திறக்கவே வேண்டாம். சர்வருக்குள் ஓடும் எஸ்எஸ்எம் ஏஜென்ட் என்ற சிறு நிரல் 443ஆம் போர்ட் வழியாக வெளியே சென்று இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது; நுழையும் உரிமையை முடிவுசெய்வது சர்வரில் கிடக்கும் கீ அல்ல, ஐஏஎம் அனுமதி. ஆகவே ஐடென்டிட்டி சென்டரில் ஒருவரை முடக்கினால் 7 கணக்குகளிலும் 40 சர்வர்களிலும் அவர் புதிதாக நுழையும் வழி அடைபடுகிறது. யார் எப்போது எந்தச் சர்வருக்குள் போனார் என்பது ஏடபிள்யூஎஸ்ஸின் செயல்பதிவுச் சேவையான கிளவுட்ட்ரெயிலில் அவரவர் பெயருடனே பதிவாகிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. முடக்கிய நொடியில் எல்லாம் நின்றுவிடாது; ஏற்கெனவே கைக்கு வந்த தற்காலிகக் கீ தன் காலம் முடியும் வரை செல்லும். வசதிக்காக 12 மணி நேரம் என்று வைத்திருந்தால், காலையில் லாகின் செய்தவர் இரவு வரை உள்ளே இருக்கலாம். அதனால் புரொடக்‌ஷன் கணக்குகளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று வலியுறுத்துவேன், திறந்திருக்கும் செஷன்களையும் அன்றே தேடி மூட வேண்டும்.

இழப்புகளும் இருந்தன. கோப்புகளை நகலெடுப்பதற்காகச் செஷன் மேனேஜர் வழியாகவே எஸ்எஸ்ஹெச்சை இயக்கலாம். அப்படி இயக்கினால் உள்ளே தட்டிய கட்டளைகள் செஷன் லாகில் பதிவாகாது. ஏஜென்ட் செயலிழந்தால் அந்த வாசலும் மூடிக்கொள்ளும், அதற்காக, நெட்வொர்க் இல்லாமலே சர்வரை அடையும் சீரியல் கன்சோலை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்கிறோம். இதே வேலைக்கான டெலிபோர்ட் போன்ற தனிக் கருவிகளைச் சில நாட்கள் மட்டுமே தொட்டுப் பார்த்திருக்கிறேன். வேறு கிளவுட் நிறுவனங்களின் சர்வர்களும் கலந்திருக்கும் குழுவுக்கு அவை பொருத்தமாக இருக்கலாம், ஆனால் அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல என் அனுபவம் போதாது.

வாடிக்கையாளர் ஐஏஎம் பயனரையும் ஓர் ஆக்சஸ் கீயையும் மட்டுமே தருகிறார் என்றால், ஏடபிள்யூஎஸ்-வால்ட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதன் கீ இன்னும் என் கீசெயினில்தான் இருக்கிறது. 90 நாளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.